சிறுகுடற்றிறப்பும் அன்றாட வாழ்வும்: சில குறிப்புகள்

நோயுற்ற பெருங்குடலை அகற்றியோ ஒதுக்கியோ, சிறுகுடலின் இறுதிப் பகுதியை வயிற்றுச் சுவரின் வழியே வெளிக்கொணரும் சத்திரசிகிச்சை 'இலியொஸ்ரமி' எனப்படுகின்றது. அதன் பின்னர் கழிவு வயிற்றின்மீது ஒட்டப்படும் பையிலே சேரும். இதனை வெறும் உடலியற் பிரச்சினையாகக் காண்போர், சத்திரசிகிச்சை வெற்றிபெற்ற பின்னரும் நோயாளர் பலர் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதேன் என்பதை விளக்கமாட்டார்.

பர்மிங்ஹாமிற் பணியாற்றிய பிரையன் புரூக், குடல் முனையை வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையை 1952 இல் விவரித்தார். அதற்கு முன்னர் கழிவிலுள்ள சமிபாட்டு நொதியங்கள் சுற்றியுள்ள தோலை அரிப்பது பெருந்துன்பமாயிருந்தது. ஆயின், பையோடு வாழும் கலையை வளர்த்ததிற் பெரும்பங்கு நோயாளருடையதே. பிரித்தானியாவில் 1956 இல் அவர்களது சங்கம் உருவாயிற்று. கிளீவ்லாந்திலே, தாமே இச்சிகிச்சைக்குட்பட்ட நோர்மா கில் 1958 முதல் ஏனையோருக்கு வழிகாட்டலானார்.

உணவு பற்றிய பேச்சிலே பெரும்பாலும் மறக்கப்படுவது உப்பு. நீரையும் உப்பையும் மீள உறிஞ்சுவது பெருங்குடலின் தலையாய பணி. அது இல்லாதவிடத்து, நிலைமை சீரான பின்னரும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 முதல் 800 மில்லிலீற்றர் வரை கழிவு வெளியேறும். அதனோடு உப்பும் போகும். வெளியேற்றம் மிகுந்த வேளையில், தாகம் தீர வெறும் நீரையே மிகுதியாகக் குடித்தால் உப்பிழப்பு மேலும் கூடும். இளநீரும் போதிய மாற்றன்று. அதிற் பொட்டாசியமே மிகுதி. குளுக்கோசுடன் சேர்ந்தே உப்பு குடற்சுவரூடாக எளிதில் உட்செல்லும் என்பதை 1960 இல் றொபேட் கிரேன் எடுத்துக்காட்டினார். 1971 இல் வங்காள அகதி முகாமொன்றிலே திலீப் மகாலனபிஸ் வாந்திபேதி நோயாளருக்கு வழங்கிய கரைசல் இவ்விணைப்பையே பயன்படுத்தியது. இன்று இலியொஸ்ரமி நோயாளருக்கு விதிக்கப்படும் கரைசலும் அவ்வினத்ததே. ஏதிலிகளின் முகாமிற் பரீட்சிக்கப்பட்ட அறிவு செல்வ நாடுகளின் வைத்தியசாலைகளுக்கும் உரியதாயிற்று என்பது கருதத்தக்கது. இதயம், சிறுநீரக நோயுடையோர் மட்டும் உப்பின் அளவை வைத்தியரிடமே கேட்டறிதல் வேண்டும்.

முதல் ஆறு முதல் எட்டு வாரங்கள் குடல் வீங்கியிருக்குமாதலால் நார் குறைந்த உணவே உகந்தது. சோறு, பாண், வாழைப்பழம் என்பன கழிவைத் தடிப்பாக்கும். சோளம், காளான், கச்சான், தேங்காய் ஆகியன நன்கு மெல்லப்படாவிடின் வாயிலை அடைக்கலாம். பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம். என்றென்றைக்குமான விலக்குப் பட்டியல்கள் பெரும்பாலும் அச்சத்தின் விளைவே. சில மணி நேரம் கழிவு முற்றாக நின்று வயிறு முறுக்கி வலித்தால், தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

பை மூன்றிலொரு பங்கு நிறைந்ததும் வெறுமையாக்கப்படல் வேண்டும். நாளுக்குப் பல முறை. அலுவலகத்திலே தனியறை உடையவருக்கு இது சிறு தொல்லை. மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டு நிற்கும் தொழிலாளிக்கோ, மலசலகூடம் எத்தனை யார் தொலைவில் என்பதே வேலையைத் தொடரலாமா என்பதைத் தீர்மானிக்கின்றது. இதனாற் பலர் பகலுணவைத் தவிர்க்கின்றனர். அதனாற் கழிவு நிற்பதில்லை. வாயுவும் நீர்த்தன்மையும் கூடுவதே மிச்சம்.