காகிதக் கூழில் மலர்ந்த பூக்கள்



தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையை அறியாதவர் நம் பக்கத்தில் இல்லை. காகிதக் கூழ் கொண்டும் செய்யப்படுகிற அந்தப் பொம்மைக்குக் காஷ்மீரத்தில் ஓர் உறவு உண்டு. அது மூடியுள்ள ஒரு சிறு பெட்டி. மேலெல்லாம் ரோஜாவும் நர்கீஸும் பாதாம் பூவுமாய் எழுதியிருக்கும். மரப்பெட்டி என்றே எண்ணுவோம். கையில் எடுத்தால் கனமிராது. அது பழைய காகிதம்!

15ஆம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன் காலத்தில் பாரசீகம், மத்திய ஆசியப் பகுதிகளிலிருந்து இக்கலை வந்ததாகச் சொல்வார்கள். முதலில் எழுதுகோல் பெட்டிகளை அலங்கரித்தபடியால் ‘கார்-இ-கலம்தானி’ என்று பெயர் பெற்றது. இன்று வழங்கும் ‘பேப்பியர் மாஷே’ பிரெஞ்சுச் சொல். மென்ற காகிதம் என்பது அதன் பொருள்.

ஒரு பெட்டிக்கு இருவர் கைகள் வேண்டும். முதலாமவர் ‘சக்த்சாஸ்’; பெட்டியை உருவாக்குகிறவர். காகிதத்தைச் சில நாட்கள் ஊறவைத்து, கல் உரலில் இடித்து, அரிசிப் பசை சேர்க்கிறார். ஆம், நம் வயல்களில் விளையும் அரிசிதான் அங்கும் காகிதத்தைக் கெட்டியாக்குகிறது! அச்சின்மேல் தாளைச் சுற்றி, கூழை அப்பிக் காயவைக்கிறார். காய்ந்ததும் மெல்லிய ரம்பத்தால் அறுத்து, அச்சை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுகிறார். அதன்மேல் வெண்பொடியும் பசையும் கலந்த பூச்சு. பிறகு வழவழப்பாகும்வரை தேய்ப்பு. வெடிப்பு விழாதிருக்க மெல்லிய தாள் ஒட்டு. இத்தனையும் முடிந்தபின்னரே பெட்டி ‘நக்காஷ்’ என்னும் ஓவியரிடம் போகிறது.

அவர் விலங்கு முடியாலான நுண்ணிய தூரிகையால் முதலில் இதழின் நிறத்தையும், அதன்மேல் நிழலையும், கடைசியில் கோட்டையும் இடுகிறார். இடமே விடாமல் பூக்களால் நிரப்பினால் அது ‘ஹசாரா’, அதாவது ஆயிரம். முடிவில் வார்னிஷ் பூசுகிறார்கள்.

நாம் கவனிக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. இப்போது அட்டையிலும் மரத்திலும் செய்த பெட்டிகளின்மேலும் இதே பூக்களை எழுதி விற்கிறார்கள். அதனால் ஓவியருக்கு வேலை கிடைக்கலாம். கூழ் இடிக்கிறவருக்குக் கிடைப்பதில்லை. அவர் பிள்ளைகள் வேறு பிழைப்பைத் தேடிப் போகிறார்கள். 2021இல் யுனெஸ்கோ ஸ்ரீநகரைக் கைவினை, நாட்டுப்புறக் கலைகளுக்கான படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கெளரவம் உரலருகே அமர்ந்தவரையும் எட்டவேண்டும்.

நமக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பீர்கள். பல நாடுகளில் கிறிஸ்துமஸ் மரங்களில் தொங்கும் வண்ண உருண்டைகளிலும் மணிகளிலும் பல, ஸ்ரீநகரின் முஸ்லிம் குடும்பங்கள் காகிதக் கூழால் செய்தவையே. நம் பண்டிகையின் அழகுக்காக அவர்கள் உழைக்கிறார்கள்.

ஆகவே அப்படியொரு பெட்டியை வாங்கும்போது இரண்டு பூக்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சுப்போல் ஒன்றாயிருந்தால் அது கையால் எழுதியதல்ல. “இது கூழில் செய்ததா?” என்று கடைக்காரரைக் கேளுங்கள். பிறகு மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். பெரும்பாலும் அங்கே பூ இராது. கறுப்பு வர்ணம் மட்டுமே இருக்கும். முதலாமவருடைய வேலை அதற்குள்ளேதான் இருக்கிறது.