ஐயம் கேட்கும் முறை

கணிப்பொறிக்கு இடும் கட்டளைத் தொகுதியாகிய நிரலை எழுதப் பயிலும் பிள்ளைகள் இன்று நம் இல்லங்கள் பலவற்றில் உளர். மும்பையிலோ தில்லியிலோ அலுவல் முடிந்து திரும்பி, இரவில் தாமே பயில்வோரும் உண்டு. ஐயம் எழுந்தால் அருகிருந்து சொல்ல ஆளில்லை. இணையத்தின் வழியே முன்பின் அறியாத ஒருவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. அவரோ ஊதியம் எதுவுமின்றித் தம் ஓய்வுப் பொழுதில் விடை எழுதுபவர். “என் நிரல் ஓடவில்லை, மிக அவசரம்” என்று மட்டும் எழுதினால் அவர் என் செய்வார்? அவசரம் நமக்கேயன்றி அவருக்கன்று. விடை வாராமை கண்டு, இத்துறை தமக்கு ஒவ்வாது எனப் பிள்ளைகள் கைவிட்டுவிடுவதே நம் கவலை.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். தமிழ்ப் பெயர்கள் அடங்கிய கோப்பொன்றை, விண்டோஸ் கணிப்பொறியில், பைத்தான் மொழியில் எழுதிய நிரலால் படிக்க முயல்கிறாள் ஒரு பெண். ஆங்கிலப் பெயர்களுக்கு ஓடிய நிரல் தமிழுக்கு நின்றுவிடுகிறது. “யூனிகோட் டிகோட் எரர்” என்று தொடங்கும் பிழைச் செய்தி தோன்றுகிறது. அச்செய்தியை எழுத்துப் பிசகாமல் எடுத்து ஒட்டி, பைத்தானின் பதிப்பு எண்ணையும், கோப்பைத் திறக்கும் அந்த ஒரு வரியையும், ஒரே ஒரு பெயரையும் உடன் அனுப்பினால், அறிந்தவர் நொடியில் கண்டுகொள்வார். கணிப்பொறி எழுத்துகளை எண்களாகவே பதிகிறது. யூ.டி.எஃப்-8 முறையில் நம் மெய்யெழுத்தின் புள்ளிக்கு மூன்று எண்கள்; மூன்றாவது 141. மேலை மொழிகளுக்கென அமைந்த விண்டோஸ் 1252 அட்டவணையில் 141-க்கு எழுத்தே இல்லை. புள்ளியில்லாத் தமிழ்ப் பட்டியல் ஏது? திறக்கும் வரியில் யூ.டி.எஃப்-8 என்று குறித்தால் இடர் தீர்ந்தது. “தமிழ் வரவில்லை” என்று மட்டும் அவள் எழுதியிருந்தால், எழுத்துரு இல்லையோ எனக் கருதி அவர் வேறெங்கோ தேடியிருப்பார்.

திரையைக் கைப்பேசியால் படம் பிடித்து அனுப்புவோர் பலர். படத்திலுள்ள நிரலை எடுத்து ஓட்டிப் பார்த்தல் இயலாது. இருநூறு வரிகளையும் அப்படியே அனுப்புதலும் தகாது. பிழை தோன்றுவதற்கு வேண்டிய சில வரிகள் எஞ்சும்வரை குறைத்தல் நலம். அங்ஙனம் குறைக்கும்போதே விடை தானே புலப்படுதலும் உண்டு. எதிர்பார்த்தது யாது, கிடைத்தது யாது, இதுவரை முயன்றது யாது என்பவற்றையும் எழுதுக. ஆங்கிலம் சற்றுத் தடுமாறினும் நாண வேண்டியதில்லை.

நிரலினுள் கடவுச்சொல் இருப்பின் நீக்கிய பின்னரே அனுப்புக. முன்னரே அனுப்பிவிட்டவர்கள் இன்றே அதனை மாற்றிவிடுக.