நிஜாமின் தங்க டிபன் கேரியரில் சாப்பிட்ட திருடன்!

சார்மினார் நகரில் பார்க்க வேண்டியவை; ஏமாறாமல் இருக்க வேண்டியவை

உலகத்திலேயே பெரிய பணக்காரர் என்று பெயர் எடுத்த ஐதராபாத் நிஜாமுக்கு வந்த தங்க டிபன் கேரியர் அது. மூன்று அடுக்கு. வைரம், மாணிக்கம், மரகதம் பதித்தது. அதில் நிஜாம் ஒரு நாளாவது சாப்பிட்டாரா என்பது சந்தேகம். ஆனால் ஒரு திருடன் அதில் சாப்பிட்டான்! சினிமாக் கதையை மிஞ்சும் இந்தச் சம்பவம் 2018-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் நடந்தது.

ஐதராபாத்தின் பழைய நகரில் "புரானி ஹவேலி" என்று ஓர் அரண்மனை இருக்கிறது. அங்கேதான் நிஜாமின் மியூசியம். கடைசியாக ஆண்ட 7-வது நிஜாம் மீர் உஸ்மான் அலிகானின் வெள்ளி விழா 1937-ல் தடபுடலாக நடந்தது. அப்போது வந்து குவிந்த பரிசுப் பொருட்கள்தான் இங்கே கண்ணாடிப் பெட்டிகளில் உள்ளன.

செப்டம்பர் 2-ந்தேதி இரவு இரண்டு ஆசாமிகள் கூரைப் பக்கம் வந்தார்கள். வென்டிலேட்டர் கம்பியைப் பெயர்த்து, கயிறு கட்டி ஒருவன் உள்ளே இறங்கினான். காமிராவை வேறு பக்கம் திருப்பி வைத்தான். டிபன் கேரியர், தங்கக் கப், சாசர், ஸ்பூன் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டார்கள். மறுநாள் காலை மியூசியத்தைத் திறந்த ஊழியர்கள் பதறிப்போனார்கள்.

பாங்கு ஒலி கேட்டு நடுக்கம்

போலீசார் தனிப்படைகள் அமைத்து வலை வீசினார்கள். தெருக் காமிராவில் ஒருவன் செல்போனில் பேசிக்கொண்டே போவது தெரிந்தது. அந்த நம்பரைப் பிடித்தால் ஆளைப் பிடிக்கலாம் என்று தேடினார்கள். கடைசியில் பார்த்தால், அந்த போனில் சிம் கார்டே கிடையாது! போலீசாரைச் சுற்ற விடுவதற்காகப் போட்ட நாடகம்.

கில்லாடிகள் மும்பைக்குப் போய், பெரிய ஓட்டலில் ரூம் போட்டுத் தங்கினார்கள். அரண்மனைச் சொத்தை வாங்க அங்கே ஆள் கிடைக்கவில்லை. ஊர் திரும்பியவர்கள் ஒரு வாரம் கழித்துப் பிடிபட்டார்கள். பொருட்கள் மீட்கப்பட்டன.

தங்க அட்டை போட்ட குர்ஆன் ஒன்றையும் அவர்கள் எடுக்கப் பார்த்தார்களாம். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மசூதியில் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. பயந்துபோய் அதைத் தொடாமல் ஓடிவிட்டார்கள் என்று போலீசார் சொன்னார்கள். பிடிபடும்வரை ஒருவன் அந்த டிபன் கேரியரில்தான் சாப்பிட்டான் என்பதும் போலீசார் சொன்ன தகவல்தான்.

இதே புரானி ஹவேலியில் பார்க்க வேண்டிய இன்னொன்று 6-வது நிஜாம் மகபூப் அலிகானின் துணி அலமாரி. நீளம் 176 அடி! இரண்டு தட்டு. ஒரு தடவை போட்ட உடையை அவர் மறு தடவை தொடமாட்டார் என்பது ஊர்ப் பேச்சு. அவருடைய மகனான 7-வது நிஜாமோ சிக்கனத்துக்குப் பெயர் போனவர். 184 காரட் எடையுள்ள "ஜேக்கப்" வைரத்தை மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தாராம்!

கை தட்டினால் மலை உச்சியில் கேட்கும்

காமிராவைத் திருப்பி வைத்தால் கதை முடிந்துவிடும் இந்தக் காலத்தைவிட, கோல்கொண்டா கோட்டையைக் கட்டியவர்கள் விவரமானவர்கள். "பதே தர்வாசா" வாசலின் வளைவுக்குக் கீழே நின்று கை தட்டினால், சுமார் 1 கிலோ மீட்டர் தள்ளி மலை உச்சி மண்டபத்தில் கேட்கிறது. எதிரி வந்தால் காவலாளி தட்டுவான், மேலே உஷாராகிவிடுவார்கள். இன்றைக்கும் சுற்றுலா வருகிறவர்கள் தட்டிப் பார்த்து, மூக்கில் விரலை வைக்கிறார்கள். உச்சிக்குப் போக முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறவேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் வெயிலுக்கு முன்பே போய்விடுவது உத்தமம்.

அப்படிப்பட்ட கோட்டையும் விழுந்தது. 1687-ல் அவுரங்கசீப்பின் படை 8 மாதம் முற்றுகையிட்டும் உள்ளே புக முடியவில்லை. கடைசியில் உள்ளே இருந்த ஒருவனே காசுக்கு ஆசைப்பட்டு இரவோடு இரவாகக் கதவைத் திறந்துவிட்டான். சுல்தான் தானா ஷா கைதானார்.

பத்ராசலம் ராமர் கோவிலுக்கு அரசாங்க வரிப் பணத்தைச் செலவழித்த தாசில்தார் கோபண்ணாவை இதே கோட்டையில் சிறை வைத்தவர் இந்த தானா ஷா. கோபண்ணாதான் பக்த ராமதாசர். அவர் இருந்த கொட்டடியைக் காண இன்றும் கூட்டம் வருகிறது. சிறை வைத்த சுல்தானும் கடைசிக் காலத்தை தவுலதாபாத் கோட்டைச் சிறையில்தான் கழித்தார்.

வளையல் வாங்குவோர் கவனிக்க

ஊருக்கு நடுவில் சார்மினார். 1591-ல் முகமது குலி குதுப் ஷா கட்டியது. உயரம் 184 அடி. நான்கு பக்கமும் நான்கு வளைவு, நான்கு கடிகாரம். கடிகாரங்கள் 1889-ல் வைக்கப்பட்டவை. பக்கத்திலேயே மெக்கா மசூதி. மெக்காவில் இருந்து கொண்டுவந்த மண்ணைக் கலந்து செய்த செங்கல்லை அதில் வைத்ததால் இந்தப் பெயர் என்கிறார்கள். நிஜாம்கள் பலர் இங்கே அடக்கமாகி இருக்கிறார்கள். துருக்கியில் 2023 ஜனவரியில் காலமான முகரம் ஜாவின் உடலும் இங்கே கொண்டுவரப்பட்டுத்தான் அடக்கம் செய்யப்பட்டது.

சார்மினாரை ஒட்டிய லாட் பஜாரில் அரக்கு வளையல் வியாபாரம் ஜோர். அரக்கைக் கரி அடுப்பில் இளக்கி, உருட்டி, வளைத்து, சூடு ஆறுவதற்குள் கல் பதிக்கிறார்கள். விரல் சுடும் வேலை. இந்த வளையலுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்குகிறவர்கள் அரக்கா, பிளாஸ்டிக்கா என்று கேட்டு வாங்க வேண்டும். பத்தர்கட்டியில் முத்துக் கடைகள் வரிசையாக உள்ளன. கடலே இல்லாத ஊரில் முத்து வியாபாரம்! ரசீது இல்லாமல் முத்து வாங்கினால், பிறகு கேட்க நாதி இராது.

சாலார் ஜங் மியூசியத்தில் மணிக்கு ஒரு தடவை பொம்மை வந்து மணி அடிக்கும் கடிகாரத்தைச் சுற்றி எப்போதும் கூட்டம். முகத்திரை போட்ட ரெபேக்கா சிலையில் திரையும் கல்தான், முகமும் கல்தான். வெள்ளிக்கிழமை இந்த மியூசியமும் சவுமகல்லா அரண்மனையும் விடுமுறை. சென்னையில் மாலையில் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறி மறுநாள் காலையில் இறங்குகிறவர்கள், கிழமை பார்த்து டிக்கெட் எடுப்பது நல்லது.

புளிய மரம் காப்பாற்றியது

1908 செப்டம்பர் 28-ந்தேதி மூசி ஆறு பெருக்கெடுத்து நகரத்துக்குள் புகுந்தது. சுமார் 15 ஆயிரம் பேர் மாண்டார்கள். ஒரே ஒரு புளிய மரத்தில் ஏறிக்கொண்ட 150 பேர் பிழைத்தார்கள். உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கும் அந்த மரத்துக்கு டிக்கெட் கிடையாது. அதைத் தேடிப்போய்ப் பார்க்கிறவர்களும் குறைவு.

நகை பெட்டகத்தில், கோட்டை வெயிலில்

நிஜாம் நகைகள் 173-ஐ மத்திய அரசு 1995-ல் 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஜேக்கப் வைரமும் அதில் சேர்த்தி. அவை இருப்பது ரிசர்வ் வங்கிப் பெட்டகத்தில். ஐதராபாத்தில் 2001-லும் 2006-லும் கண்காட்சிக்கு வந்தன. எங்கள் ஊர் நகையை எங்கள் ஊரிலேயே வையுங்கள் என்று உள்ளூர்க்காரர்கள் கேட்கிறார்கள். டிபன் கேரியரே திருடு போன ஊரில் எப்படி வைப்பது என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் சார்மினாரைப் பெட்டகத்தில் வைக்க முடியாது. 2019 மே 1-ந்தேதி இரவு அதன் மினார் ஒன்றில் இருந்து சுண்ணாம்பு வேலைப்பாடு பெயர்ந்து கீழே விழுந்தது. நல்லவேளையாக யாருக்கும் காயம் இல்லை. கோல்கொண்டா சுவர்களில் காதல் ஜோடிகள் ஆணியால் பெயர் கீறிவிட்டுப் போகிறார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். டிபன் கேரியரைத் திருடியவன் ஒரு வாரத்தில் பிடிபட்டான். பொருளும் திரும்ப வந்தது. 400 வருஷத்துச் சுவரில் ஆணி கீறி உதிர்ந்த சுண்ணாம்பை எந்தத் தனிப்படையாலும் மீட்க முடியாது.