முதல் லென்ஸ் வாங்குமுன் கீழக்குயில்குடிக்கு ஒரு நடை

மதுரையில் புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் சீக்கிரமே வந்து சேரும் இடங்களில் ஒன்று கீழக்குயில்குடி. தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் திரும்பினால் ஊர் வந்துவிடும். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மேலே சமணர் மலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் பட்டுப்புடவையில் அவுட்டோர் ஷூட்டுக்கு வந்த ஜோடிகளுக்கும் நடுவே, கழுத்தில் புதுக் கேமரா வார் தொங்க நாலைந்து இளைஞர்கள் நிற்பார்கள். கேமராவோடு வந்த 18–55 'கிட்' லென்ஸ் அலுத்துப்போயிருக்கும். 'அடுத்து என்ன லென்ஸ் வாங்கலாம்?' என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்குக் கடைக்காரர் ஒரு பதில் சொல்வார், யூடியூப் வேறொன்று சொல்லும், கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் மூன்றாவது ஒன்று சொல்வார். மூன்றுமே அவரவர் வேலைக்குச் சரிதான். உங்களுக்குச் சரியானது தெரிய வேண்டுமானால் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: எங்கே நிற்க முடிகிறது, வெளிச்சம் எவ்வளவு, எடுக்கப்படுவது அசையுமா அசையாதா. 'போர்ட்ரெய்ட் லென்ஸ்', 'லேண்ட்ஸ்கேப் லென்ஸ்' என்று பெட்டிக்குப் பெட்டி பெயர் ஒட்டி விற்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். கீழக்குயில்குடியில் வசதி என்னவென்றால், காலையில் ஏறி இறங்குவதற்குள் இந்த மூன்றையும் சோதித்துப் பார்த்துவிடலாம்.

லென்ஸ் மீது எழுதியிருக்கும் மில்லிமீட்டர் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அது குவியத் தூரம். எண் சிறிதானால் அகலமாகத் தெரியும்; பெரிதானால் குறுகலாக, கிட்டத்தில் தெரியும். புதியவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் 'கிராப்' சென்சார் கேமரா. அதன் சென்சார் அகலம் சுமார் 23.5 மி.மீ.; கேனனில் சற்றுக் குறைவு. நிற்கும் தூரத்தை 23.5ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால், படத்துக்குள் எவ்வளவு அகலம் அடங்கும் என்பது வந்துவிடும். மூன்று மீட்டர் தள்ளி நின்று 18 மி.மீ.யில் எடுத்தால் கிட்டத்தட்ட நான்கு மீட்டர் அகலம். அதே இடத்தில் 55 மி.மீ. என்றால் ஒன்றேகால் மீட்டர். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் பல ஆயிரம் ரூபாய் வீணாவதைத் தடுக்கும்.

இந்தக் கணக்கோடு சமணர் மலையில் உள்ள செட்டிப்புடவு குகைக்குப் போகலாம். பாறையில் அமர்ந்த கோலத்தில் பெரிய தீர்த்தங்கரர் சிற்பம் இங்கே இருக்கிறது. குகைக்குள் மேற்பகுதியில் வரிசையாகச் சிறு புடைப்புச் சிற்பங்கள். சிங்கத்தின் மேல் அமர்ந்து, யானைமேல் வரும் வீரனோடு போரிடும் இயக்கி ஒரு பக்கம். முக்குடையின் கீழ் அமர்ந்த தீர்த்தங்கரர்கள் நடுவில். உள்ளே நின்று எடுக்கிறவருக்குப் பின்னால் நகர இடம் குறைவு. '10–18 போன்ற அல்ட்ரா வைட் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடக்கலாமே' என்று உடனே தோன்றும். அடங்கும்தான். ஆனால் ஓரத்தில் இருக்கும் சிற்பம் இழுத்து நீட்டிய மாதிரி ஆகிவிடும்; நடுவில் இருப்பது சுருங்கிப்போகும். குகையின் சூழலைக் காட்ட 18 மி.மீ.யே தாராளம். சிற்பங்களைக் காட்ட ஒவ்வொன்றாக 35க்கும் 55க்கும் இடையில் எடுப்பதுதான் முறை.

குகைக்குள் உண்மையான சிக்கல் வெளிச்சம். கிட் லென்ஸில் 55 மி.மீ.க்குப் போனால் துவாரம் எஃப்/5.6க்கு மேல் திறக்காது. எஃப் எண் ஏற ஏற உள்ளே வரும் ஒளி குறையும் என்பது தெரிந்ததே. உடனே எஃப்/1.8 லென்ஸ் வாங்கத் தேவையில்லை, ஏனென்றால் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அசையாத கல் இன்று காலையும் அசையப் போவதில்லை. ஷட்டர் வேகத்தை நொடியில் 15இல் ஒரு பங்குக்குக் குறைத்து, தோள்பையைப் பாறைமேல் வைத்து அதன்மேல் கேமராவை ஊன்றினால் போதும். லென்ஸில் ஆட்டம் தணிக்கும் வசதி (கேனனில் ஐ.எஸ்., நிகானில் வி.ஆர்.) இருந்தால் கையில் பிடித்தே எடுத்துவிடலாம். இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். டிரைபாட் விரிக்க எண்ணினால் முன்னதாகவே அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது.

அதே மலையில் உள்ள பேச்சிப்பள்ளத்தில் விஷயமே வேறு. சுனைக்கு அருகே பாறை முகத்தில் எட்டுச் சிற்பங்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. பார்சுவநாதர், பாகுபலி ஆகியோர் அதில் உண்டு. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். காலம் 9, 10ஆம் நூற்றாண்டு. வரிசை முழுவதையும் ஒரே படத்தில் அடக்கப் பின்னால் நகர்ந்தால், அதற்கும் ஓர் எல்லை உண்டு. இங்கேயும் கை அல்ட்ரா வைடைத் தேடும்.

இந்தச் சிக்கலுக்கு 1858இலேயே ஒருவர் வழி கண்டிருக்கிறார். லினேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் அரண்மனையையும் மெழுகு பூசிய காகித நெகட்டிவில் படமாக்கிச் சென்றார். அதே ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளையும் எடுத்தார். அகலமாக எடுப்பதற்குப் பதில், சுவரை ஒட்டித் துண்டு துண்டாக எடுத்து 21 அச்சுகளை ஒட்டினார். 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படம் கிடைத்தது. பேச்சிப்பள்ளத்திலும் அதையே செய்யுங்கள். லென்ஸை 35 மி.மீ.யில் நிறுத்தி, பாறைக்கு நேராக நின்று, இரண்டடிக்கு ஒருமுறை பக்கவாட்டில் நகர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு படியுமாறு எடுத்தால் ஒட்டும் வேலையை இன்று மென்பொருள் பார்த்துக்கொள்ளும். 18 மி.மீ.யில் வளைந்துபோகும் எழுத்து வரிகள் இதில் நேராக நிற்கும்.

கல்வெட்டு எழுத்து படத்தில் தெளிவாகத் தெரியவில்லை என்றால் குறை பெரும்பாலும் லென்ஸில் இல்லை. உச்சி வெயிலில் எந்த எழுத்தும் தட்டையாகத்தான் தெரியும். வெயில் சாய்ந்து விழும் நேரத்தில், பொளிந்த கோட்டுக்குள் நிழல் விழுந்து, நேற்றுச் செதுக்கியதுபோல் எழுந்து நிற்கும். நேரம் தவறினால், நண்பரின் செல்போன் டார்ச்சைப் பாறைக்குப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லலாம். எழுத்து தெரியட்டும் என்று சுண்ணாம்பு, சாக்பீஸ் தேய்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். படம் கிடைக்கும், கல்வெட்டு போய்விடும்.

கீழே இறங்கினால் தாமரைக் குளம். இங்கே நீங்கள் முன்னால் போக முடியாது, அதுதான் சிக்கல். கரையிலிருந்து ஆறேழு மீட்டரில் இருக்கும் பூவுக்கு 55–250 அல்லது 70–300 போன்ற மலிவான டெலி ஜூம் அருமையாக வேலை செய்யும். காலை வெயில் இருப்பதால் எஃப்/5.6 ஒரு குறையே இல்லை. தண்ணீர்ப் பளபளப்பு உறுத்தினால் போலரைசர் பில்டர் ஒன்றை மாட்டித் திருப்புங்கள். இலையின் பச்சை திரும்பி வரும். கணினியில் பிறகு செய்துகொள்ள முடியாத வேலை இது. அதனால் இரண்டாவது லென்ஸுக்கு முன்பே ஒரு போலரைசர் வாங்கச் சொல்வேன்.

பூவுக்குச் சரியான அந்த ஜூம் பறவைக்குப் போதாது. வெண்மார்பு மீன்கொத்தியின் நீளம் சுமார் 28 செ.மீ. இருபது மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் அதை 250 மி.மீ.யில் எடுத்தால், மேலே சொன்ன கணக்குப்படி படத்தின் அகலம் 1.88 மீட்டர். பறவை அதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் தேறும். 600 மி.மீ. என்றால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். பறவைக்காரர்கள் 150–600 சுமந்து அலைவது இதனால்தான். விலை, எடை இரண்டும் கூடுதல். 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் மதுரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள குன்றுகளின் வல்லூறு இனங்களைப் பார்க்கப் போகிறவர்கள், ஆசை நிலைக்கிறதா என்று தெரியும்வரை அந்த லென்ஸை நாள் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

ஆலமரத்து நிழலுக்கு வருவோம். இங்கே எடுக்கப்படுவது மனிதர்கள். கிட் லென்ஸை 18இல் வைத்து, முகம் நிறையும்வரை கிட்டப்போனால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் போய்விடும். இதற்கு லென்ஸைத் திட்டுவது வழக்கம். காரணம் கிட்டத்தில் நின்றதுதான். இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள்; அங்கிருந்து முகமும் தோளும் அடங்க 50 மி.மீ. தேவைப்படும். இரண்டாவது லென்ஸாக 50 எஃப்/1.8ஐ ஊரே பரிந்துரைப்பதன் நியாயம் இது. டி.எஸ்.எல்.ஆர்.களுக்கு மலிவாகவே கிடைக்கும், மிரர்லெஸ்ஸுக்குக் கூடுதல். எஃப்/5.6ஐவிட எஃப்/1.8 ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். நிழலில் 20இல் ஒரு நொடி என்று தடுமாறிய ஷட்டர் 200இல் ஒரு நொடிக்கு வந்துவிடும். பேசிக்கொண்டே சிரிக்கிற முகம் கலையாமல் நிற்கும். பின்னணி மங்குவது உபரி லாபம். ஆளை மரத்தோடு ஒட்டி நிற்கவைத்தால் அந்த லாபம் கிடைக்காது. மரத்திலிருந்து நாலைந்து மீட்டர் முன்னால் அழைத்து வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் இறுதி நாட்களைப் படமெடுத்த ஹென்றி கார்த்தியே-ப்ரெஸோன் வாழ்நாளில் பெரும்பகுதி 50 மி.மீ. லென்ஸையே நம்பியவர் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவருடைய லைக்காவின் ஃபிலிமில் ஒரு படம் 36 மி.மீ. அகலம். கிராப் கேமராவில் அதே பார்வை வேண்டுமானால் 35 மி.மீ. வேண்டும். 50ஐ மாட்டிக்கொண்டு புதுமண்டபப் பக்கமோ பூ மார்க்கெட்டிலோ நுழைந்தால் எல்லாம் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். பின்னால் போக மதுரைத் தெருக்களில் இடமேது? தெருவும் வீட்டு விசேஷமும் எடுப்பவருக்கு என் ஓட்டு 35க்கே.

திருவிழாக்களில் இடம், வெளிச்சம், அசைவு என்ற மூன்று கேள்விகளும் ஒன்றாக வந்து மோதும். அலங்காநல்லூர், பாலமேடு ஜல்லிக்கட்டில் நீங்கள் கேலரியில் இருப்பீர்கள். வாடிவாசல் தூரத்தில். காளை மின்னலாய்ப் பாயும். எஃப்/2.8 உள்ள 70–200 இல்லாமல் முடியாது என்று பயமுறுத்துவார்கள். தை மாத வெயிலில் 1000இல் ஒரு நொடிக்கு எஃப்/5.6 போதும், மலிவான டெலி ஜூமே வேலையை முடித்துவிடும். அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலையில் அது பலிக்காது. சூரியன் வராத வேளை, தீவட்டியும் மின்விளக்கும் கலந்த ஒளி, குதிரை வாகனத்தோடு ஆடும் கூட்டம். பகலில் நன்றாக உழைத்த ஜூம் அங்கே கோடுகோடாய்ப் படம் தரும். அந்த நேரத்துக்கு எஃப்/1.8 லென்ஸும், கூசாமல் ஏற்றிய ஐ.எஸ்.ஓ.வும் வேண்டும்.

வாங்குமுன் செலவில்லாத ஒரு பரீட்சை இருக்கிறது. செல்போனின் 1x என்பது கிராப் கேமராவில் சுமார் 16, 17 மி.மீ.; 2x என்பது 35க்குப் பக்கம்; 3x என்றால் 50ஐ ஒட்டி. போனில் எதை அதிகம் அழுத்துகிறீர்கள் என்று கவனியுங்கள். கேமராவில் ஏற்கெனவே எடுத்த படங்களின் விவரப் பகுதியில் ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ. என்று பதிவாகியிருக்கும். பெரும்பாலானவை 18இல் முட்டி நின்றால் உங்களுக்கு இடம் போதவில்லை. 55இல் முட்டினால் தூரம் போதவில்லை. நடுவில் கிடந்து, ஆனால் ஆட்டத்தில் கலைந்திருந்தால் ஒளி போதவில்லை. எதிலும் முட்டவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள் 18–55ஐயே வைத்துக்கொள்ளலாம். அதை மட்டமாகப் பேசுவது ஒரு ஃபேஷன், அவ்வளவுதான்.

பழைய லென்ஸ் வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. 2018க்குப் பிறகு கேனன், நிகான் இரண்டும் ஆர்.எஃப்., இசட் என்று புதிய மிரர்லெஸ் மவுண்டுகளுக்கு மாறியதால், நல்ல டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் மலிந்து கிடக்கின்றன. பின்மூடியைக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். நூலாம்படை மாதிரி இழை ஓடினால் அது பங்கஸ். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். துவாரத்தின் தகடுகளில் எண்ணெய்ப் பசை தெரியக்கூடாது. உங்கள் கேமராவையும் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். நிகானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை குறைவாக இருக்கிறதே என்று 50 எஃப்/1.8 'டி' ரகத்தை வாங்கினால் ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டியிருக்கும். 'ஏ.எஃப்-எஸ்' என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கேனனின் இ.எஃப்-எஸ் லென்ஸ் அவர்களுடைய ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆரில் ஏறாது, பின்னாளில் கேமராவை மாற்றும் எண்ணம் இருந்தால் இ.எஃப். ரகத்தையே பாருங்கள்.