பழைய தாருக்குப் புத்துயிர்: மறுசுழற்சிச் சாலை மழையைத் தாங்குமா?

பழைய சாலையின் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, வீட்டு வாசல்கள் பள்ளமாகிப்போன தெருக்கள் நம் ஊர்களில் ஏராளம். மழை பெய்தால் தண்ணீர் நேராக வீட்டுக்குள் வந்துவிடும். இதைத் தவிர்க்க, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தமிழகத் தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு அறிவுறுத்தினார்.

அப்படிச் சுரண்டி எடுப்பது குப்பை அல்ல. அதில் ஜல்லியும் தாரும் இருக்கின்றன. அதைப் புதுக் கலவையில் சேர்த்தால், மலையை உடைப்பதும் தாருக்கு ஆகும் செலவும் குறையும்.

ஆனால், பல ஆண்டுகள் வெயிலும் காற்றும் பட்ட தார் ஆக்சிஜனேற்றம் அடைந்து இறுகிவிடுகிறது. எளிதில் வெடிக்கிறது. அதை இளக்கவே 'புத்துயிரூட்டிகள்' எனும் சேர்மானங்கள் கலக்கப்படுகின்றன. பெட்ரோலிய எண்ணெய்கள், தாவர எண்ணெய்கள், பயன்படுத்திய சமையல் எண்ணெய் எனப் பல வகை உண்டு.

இளகினால் மட்டும் போதுமா?

போதாது. தார் ஜல்லியை விடாமல் பிடிக்கவும் வேண்டும். கிரானைட் போன்ற சிலிக்கா மிகுந்த கற்கள் தாரைவிடத் தண்ணீரையே அதிகம் விரும்புபவை. உள்ளே புகும் நீர், கல்லிலிருந்து தாரை உரித்துவிடுகிறது. பிறகு ஜல்லி பெயர்கிறது, குழி விழுகிறது.

சரியான அளவில் சேர்த்தால், இளகிய பழைய தார் புதுத் தாருடன் கலந்து கல்லை நன்றாகப் போர்த்தும். விரிசல் குறைவதால் நீர் புகும் வழியும் குறையும். அளவு மிஞ்சினால் தார் நீர்த்து, பிடிப்பு தளரும். பயன்படுத்திய சமையல் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களும் பிடிப்பைக் குறைக்கக்கூடும். அமீன் வகைச் சேர்மானங்களோ பிடிப்பைக் கூட்டுகின்றன. நீற்றுச் சுண்ணாம்பு சிறிதளவு சேர்ப்பதும் பலன் தரும்.

எப்படிச் சோதிப்பது?

ஒரே கலவையில் இரண்டு தொகுதி மாதிரிகள் செய்வார்கள். ஒன்றை 60 டிகிரி செல்சியஸ் நீரில் ஒரு நாள் ஊறவைப்பார்கள். மற்றொன்றை உலர்வாக வைப்பார்கள். பிறகு இரண்டையும் பிளந்து பார்ப்பார்கள். ஊறியதன் வலிமை, உலர்ந்ததன் வலிமையில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல்.

உங்கள் தெருவுக்கு மறுசுழற்சிச் சாலை வந்தால் அஞ்ச வேண்டாம். ஆனால், "நீர்ச் சோதனை செய்தீர்களா?" என்று கேளுங்கள். பார்வைக்குப் பளபளக்கும் கறுப்பு நிறம் அதைச் சொல்லாது. முதல் பெருமழைதான் சொல்லும்.