இரு மொழிச் செயலகம், ஒரு மொழிக் கடிதம்

"இந்த நாட்டில்தானே வாழ்கிறீர்கள், சிங்களம் படித்தால் என்ன?" மலையகத்தில் தமிழ் பேசும் எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. தோட்டத் தொழிலாளியிடமும் கேட்கிறார்கள், ஹட்டன் பஸாரில் கடை வைத்திருக்கும் முஸ்லிமிடமும் கேட்கிறார்கள். அண்மைக் காலமாக நம்மவர்கள் சிலரே தோட்ட மக்களைப் பார்த்து இதைக் கேட்கிறார்கள். "நாங்கள் படித்துக்கொண்டோம், அவர்களுக்கு மட்டும் என்ன?" என்பது அவர்களது வாதம். ஐரோப்பாவில் குடியேறிகளைப் பற்றி நடக்கும் விவாதமும் துணைக்கு வருகிறது. ஜேர்மனிக்குப் போனால் ஜேர்மன் மொழி படிக்கிறோமே, இங்கே மட்டும் ஏன் கூடாது என்கிறார்கள்.

சிங்களம் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஓர் ஆசிரியனாகப் பிள்ளைகளிடம் தினமும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் ஒருவர் தன் வாழ்க்கைக்காக ஒரு மொழியைக் கற்பது வேறு, அரசாங்கம் தன் பிரஜைக்கு எந்த மொழியில் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் தவறு நடக்கிறது.

முதலில், யார் குடியேறி? கோப்பித் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வருகைக்கு 200 ஆண்டு நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். இந்தத் தோட்டங்களில் ஐந்தாம், ஆறாம் தலைமுறை நடக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. இந்தியச் சோனகர் என்று அழைக்கப்பட்ட நம் சமூகத்தவரும் அதே சட்டத்தில் சிக்கினார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இவர்களைத் தலை எண்ணிப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரின் கதி பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே நாடற்றவர் என்ற பெயர் ஏறக்குறைய ஒழிந்தது. மலையகத் தொழிலாளர்களுக்காகப் போராடிய ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் அப்துல் அஸீஸ் ஒரு முஸ்லிம். இன்றைய நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வெள்ளைக்காரத் துரை கூட இங்கே தமிழ் படித்தான். 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் அச்சான ஒரு கைநூலின் பெயர் 'இங்கே வா'. சின்னத்துரைமாருக்கான தமிழ் வழிகாட்டி அது. தலைப்பே கட்டளை. தொழிலாளியிடம் வேலை வாங்கத் தேவைப்பட்டதால் துரை படித்தான், அவன் குறையைக் கேட்பதற்காக அல்ல. இருந்தாலும், ஆயிரம் பேர் ஒரு மொழி பேசும் இடத்தில் பத்துப் பேர் அந்த மொழியைக் கற்பது இலகு என்பது தோட்டக் கம்பனிக்குத் தெரிந்திருந்தது.

சுதந்திர இலங்கை இதைத் தலைகீழாக்கியது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. தமிழ் பேசும் அரச ஊழியர் சிங்களப் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் சம்பள உயர்வு நின்றது. கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த கோடீஸ்வரன் தொடுத்த வழக்கு 1969இல் லண்டன் கோமறைக் கழகம் வரை போனது அதனால்தான். நம் தலைவர்களிலும் சர் ராசிக் பரீத் போன்றோர் அன்று அந்தச் சட்டத்தை ஆதரித்தார்கள். முஸ்லிம்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வடக்கு, கிழக்குக்கு வெளியே சிங்கள மக்களிடையே வாழ்கிறோம், அவர்களது கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கணக்கின் விலையை வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களும் சேர்ந்தே கொடுத்தன.

இன்று சட்டம் அப்படியில்லை. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தம் அதை நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் ஒருவர் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம், தனக்கு வழங்கப்படும் ஆவணத்தின் தமிழ் மொழிபெயர்ப்பையும் கேட்டுப் பெறலாம். காலியில் இருந்தாலும் இந்த உரிமை உண்டு. நுவரெலியா மாவட்டத்துக்கு அதற்கும் மேல் உண்டு. இங்குள்ள பிரதேச செயலகங்கள் 1999இல் இரு மொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் மலையகத் தமிழர் மட்டுமே பாதிக்கும் மேல். அவர்களோடு இலங்கைத் தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்த்துப் பாருங்கள்.

பின்லாந்தில் ஓர் ஊராட்சியில் சிறுபான்மை மொழி பேசுவோர் 8 சதவீதம் அல்லது 3,000 பேர் இருந்தாலே அது இரு மொழி ஊராட்சி. சுவிட்சர்லாந்தில் சூரிச்சுக்குப் போன நம் நாட்டவர் ஜேர்மன் படிக்கிறார், ஜெனீவாவுக்குப் போனவர் பிரெஞ்சு படிக்கிறார். போகும் பிரதேசத்தின் மொழி எதுவோ அதைப் படிப்பதே அங்கே வழக்கம். அந்த நியாயத்தை நுவரெலியாவுக்குப் பொருத்தினால், இடமாற்றம் பெற்று இங்கே வரும் உத்தியோகத்தர்தான் தமிழ் படிக்க வேண்டியவர்!

நடைமுறை எப்படி இருக்கிறது? என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் ஒருநாள் கொழுந்து எடுத்துவிட்டு நேராகப் பாடசாலைக்கு வந்தார். கையில் ஓர் அரச அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். "சேர், இது என்னா போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். முழுக்கச் சிங்களம். குறிப்பிட்ட திகதிக்கு முன் ஆவணங்களுடன் வருமாறு எழுதியிருந்தது. திகதி கடந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்தத் தாய் சந்தையில் சிங்களத்தில் பேரம் பேசுவார், பஸ் நடத்துநரோடு சிங்களத்திலேயே சண்டையும் பிடிப்பார். சிங்களம் படிக்கச் சொல்லும் நம்மவர்கள் கவனிக்காத இடம் இதுதான். பேச்சுச் சிங்களமும் அலுவலகக் கடிதத்துச் சிங்களமும் ஒன்றல்ல. சிங்களவர்களே பேசும்போது ஒரு விதமாகவும் எழுதும்போது வேறு விதமாகவும் வினைச்சொல்லை முடிக்கிறார்கள். பஸாரில் காதால் கற்ற மொழி பிரதேச செயலகத்தின் கடிதத்தைப் படித்துத் தராது.

பொலிஸ் நிலையத்தில் இது இன்னும் பாரதூரமானது. முறைப்பாட்டைத் தமிழில் சொல்கிறோம், அவர் சிங்களத்தில் எழுதுகிறார், வாசித்துக் காட்டுகிறார், நாம் கையொப்பம் இடுகிறோம். எழுதியது என்ன என்பது வழக்கு வரும்போதுதான் தெரிகிறது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இலேயே, பொலிஸ் நிலையங்களில் 24 மணிநேரமும் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருக்க வேண்டும் என்று சிபாரிசு செய்திருந்தது.

பெயர்களின் பாடு தனிக்கதை. தமிழில் ப ஒன்றுதான், சிங்களத்தில் 'ப'வின் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் வேறு வேறு எழுத்து. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி எழுதப்பட்ட பாக்கியத்துக்கும் பாத்திமாவுக்கும் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடிப்பதே வேலை. அறிவிப்புப் பலகைத் தமிழைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பஸ் ஆசனத்துக்கு மேலே கர்ப்பிணித் தாய்மாரை 'நாய்மார்' ஆக்கியதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடந்துபோனவர்கள்தானே நாம்.

அரசாங்கமும் கடமையை மறுக்கவில்லை. 2007 ஜூலை 1க்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டாம் மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. பயிற்சிக்காக அகலவத்தையில் ஒரு தேசிய நிறுவனமே உண்டு. ஆனால் பரீட்சைச் சான்றிதழ் உத்தியோகத்தரின் கோவைக்குள் போகிறது, கடிதம் சிங்களத்திலேயே வருகிறது. கோடீஸ்வரன் காலத்தில் சித்தியடையாதவரின் சம்பளத்தில் கைவைத்த அரசு, இன்று சித்தியடைந்தவர் அந்த மொழியில் வேலை செய்கிறாரா என்று கூடப் பார்ப்பதில்லை.

நபி (ஸல்) அவர்களின் வழிமுறையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மதீனாவில் யூதர்களுடன் கடிதத் தொடர்பு ஏற்பட்டபோது, தம் எழுத்தரான ஸைத் பின் தாபித் (ரலி) அவர்களையே அவர்களது எழுத்தைக் கற்கப் பணித்தார்கள். ஸைத் (ரலி) சில நாட்களிலேயே கற்று, வரும் கடிதங்களை வாசிக்கவும் பதில் எழுதவும் செய்தார் என்பது திர்மிதியில் பதிவாகியுள்ள செய்தி. நிர்வாகத்தின் பக்கத்திலிருந்தவரே மொழியைக் கற்றார்.

இதில் நம் பக்கத்துப் பிழையும் உண்டு. நம் வியாபாரிகளுக்குச் சிங்களம் நன்றாக வரும். வேலை சீக்கிரம் முடியும் என்று மனுவைச் சிங்களத்திலேயே எழுதுகிறோம். தோட்டத்திலிருந்து வருபவருக்கும் கடையில் வைத்துச் சிங்களத்திலேயே எழுதிக் கொடுக்கிறோம். நல்ல மனதோடு செய்யும் உதவிதான். ஆனால் ஆண்டு முடிவில் அலுவலகக் கோவைகளைப் புரட்டினால் தமிழில் வந்த கடிதமே இருக்காது. கடிதம் இல்லாத இடத்துக்கு மொழிபெயர்ப்பாளர் பதவி எதற்கு என்று கேட்டால் நாம் என்ன சொல்வது?

எனவே அடுத்த முறை உதவி கேட்டு வருபவருக்குத் தமிழில் எழுதிக் கொடுங்கள். 22ஆம் உறுப்புரையின்படி தமிழில் பதில் வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அவசரமான காரியமென்றால் சிங்களப் பிரதியையும் இணையுங்கள், தவறில்லை. பதில் சிங்களத்தில் வந்தால் 1991இன் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம். மொழி உரிமை மீறலுக்காக ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கே போகவும் அரசியலமைப்பு வழி வைத்திருக்கிறது. மொழி முறைப்பாடுகளுக்கென்று சில ஆண்டுகளுக்கு முன் அறிமுகமான தொலைபேசி இலக்கம் என்ன தெரியுமா? 1956.

பிள்ளைகளின் சிங்களத்தையும் விட்டுவிடக் கூடாது. 6ஆம் தரத்திலிருந்து இரண்டாம் மொழி பாடத்திட்டத்தில் இருக்கிறது, ஆனால் ஆசிரியர் இல்லாமல் அந்தப் பாடவேளை ஓய்வு நேரமாகிவிடும் பாடசாலைகள் தோட்டப்புறத்தில் உண்டு. சிங்களப் பாடசாலைகளில் தமிழ் கற்பிக்கவும் ஆள் தேவை. இரு மொழியிலும் எழுதவும் வாசிக்கவும் தெரிந்த இளைஞர்கள் நம் சமூகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் பலர் கடைக் கல்லாவிலும் வளைகுடாவுக்கான விசா வரிசையிலும் நிற்கிறார்கள். அடுத்த முறை மொழிபெயர்ப்பாளர், இரண்டாம் மொழி ஆசிரியர் பதவிகளுக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும்போது, பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் அதை ஒட்டிவையுங்கள்.