கூந்தலுக்குக் கட்டளையிடுவது யார்?



பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, இல்லையா? இந்த ஐயத்தால் மதுரைச் சங்கத்தில் பாண்டியன் முன்னிலையில் பெரும் வழக்கு எழுந்ததாகவும், நக்கீரர் இறைவனையே எதிர்த்து வாதிட்டதாகவும் திருவிளையாடல் கதை கூறுகிறது. அந்த வழக்கைப் புலவர்களுக்கே விட்டுவிடுவோம். நம் விடுதியில் ஆண்டுதோறும் எழும் வழக்கு வேறு. "கூந்தல் ஏன் கொட்டுகிறது? கொட்டியது மீண்டும் வளருமா?" என்பதே அது. இவ்வழக்கில் எப்போதும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுவது திண்டுக்கல் தண்ணீர்தான்!

சில ஆண்டுகளுக்கு முன் சிறுமலையிலிருந்து ஒரு மாணவி ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, படிப்பதற்காக மலையை விட்டு முதன்முதலில் இறங்கியவள். இடுப்பைத் தொடும் பின்னல் அவளுக்கு. ஆகஸ்டு மாத இறுதியில் அவள் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரத் தொடங்கியது. தலையணையிலும் குளியலறையிலும் முடி. மற்றவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று விடியுமுன் எழுந்து தலை வாரினாள். வகுப்பில் கடைசி வரிசைக்குப் போனாள். பேச்சுப் போட்டிக்குக் கொடுத்திருந்த பெயரையும் திரும்பப் பெற்றாள். செய்தி அறிந்து அவளுடைய அப்பத்தா பேருந்தேறி வந்துவிட்டார்.

"இந்த ஊரு உப்புத் தண்ணி எம் பேத்திக்குச் சேரலை சிஸ்டர். பொம்பளைப் புள்ளைக்கு முடியும் போயிட்டா அப்புறம் என்ன இருக்கு? படிச்சது போதும். நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

விடுதிப் பொறுப்பாளரான சிஸ்டர் பல ஆண்டுகள் செவிலியாகப் பணியாற்றியவர். அவர் வாதிடவில்லை. "சரிங்கம்மா, கூட்டிட்டுப் போங்க. அதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மே மாசம் இவளுக்கு உடம்புக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார்.

அப்பத்தா திகைத்துப் போனார். "டைபாய்டு காய்ச்சல் சிஸ்டர். இருபது நாள் வெறும் கஞ்சிதான். பொழைச்சதே பெரிசு. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சிஸ்டருக்கு அது எப்படித் தெரிந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மயிர்க்காலின் மூன்று பருவங்கள்

நம் தலையில் ஏறத்தாழ 1,00,000 மயிர்க்கால்கள் உள்ளன. வெளியே நாம் காணும் முடி உயிரற்றது. உயிர் இருப்பது தோலுக்குள் புதைந்திருக்கும் மயிர்க்காலில்தான். ஒவ்வொரு மயிர்க்காலும் மூன்று பருவங்களைக் கடக்கிறது. முதலாவது வளர்பருவம், இது 2 முதல் 6 ஆண்டுகள் வரை நீடிக்கும். அப்போது முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். அடுத்தது 2 அல்லது 3 வாரமே நீடிக்கும் மாறுபருவம். மூன்றாவது ஓய்வுப் பருவம். ஏறத்தாழ 3 மாதங்கள் முடி அசையாமல் இருந்துவிட்டு, அடியில் புதுமுடி முளைக்கும்போது உதிர்ந்துவிடும்.

எந்த நேரத்திலும் நூற்றுக்கு 85 முதல் 90 மயிர்க்கால்கள் வளர்பருவத்திலேயே இருக்கும். ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பே. அதற்காகக் கலங்க வேண்டியதில்லை.

கடுங்காய்ச்சல், பட்டினி, அறுவைச் சிகிச்சை, பிரசவம் போன்ற பேரதிர்ச்சி ஒன்றை உடல் சந்திக்கும்போது, ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்திவிட்டு ஓய்வுப் பருவத்திற்குப் போய்விடுகின்றன. ஆனால் முடி அன்றே விழுவதில்லை. 2 அல்லது 3 மாதம் கழித்து எல்லாம் ஒன்றாக உதிர்கின்றன. 1961 ஆம் ஆண்டில் ஆல்பர்ட் கிளிக்மன் என்னும் அமெரிக்கத் தோல் மருத்துவர் இதனை ஆராய்ந்து விளக்கினார். கொரோனா பரவிய 2020, 2021 ஆம் ஆண்டுகளில், நோயிலிருந்து மீண்ட பலர் சில மாதங்கள் கழித்து முடி கொட்டுவதாக மருத்துவரை நாடியதும் இதனால்தான்.

நம் சிறுமலை மாணவியின் கதை இப்போது விளங்கும். அவளுக்குக் காய்ச்சல் வந்தது மே மாதத்தில், மலைமேல். முடி உதிர்ந்தது ஆகஸ்டில், சமவெளியில். இடையில் மாறிய தண்ணீர் மீது வீண்பழி விழுந்தது! உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும். சிலருக்கு நுனியில் ஒடியவும் செய்யும். ஆனால் மயிர்க்கால் வரை சென்று முடியை வேரோடு விழச்செய்யும் ஆற்றல் அதற்கில்லை. உதிர்ந்த முடியின் ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால், அது ஓய்வு முடிந்து விழுந்த முடி. குமிழ் இன்றி இருந்தால் பெரும்பாலும் நடுவில் ஒடிந்த முடி. நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

இரத்தத்தில் ஓடும் தூதர்கள்

வளரவும் ஓய்வெடுக்கவும் மயிர்க்காலுக்குச் செய்தி கொண்டுவருபவர்களுள் முதன்மையானவை ஹார்மோன்கள். நாளமில்லாச் சுரப்பிகள் இவற்றை நேரே இரத்தத்தில் கலக்கின்றன. 1905 ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஸ்டார்லிங் இப்பெயரைச் சூட்டினார். 'தூண்டுதல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது.

முதலில் தாய்மாரின் அனுபவத்தைப் பார்ப்போம். கருவுற்ற காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. அது மயிர்க்கால்களை வளர்பருவத்திலேயே நிறுத்தி வைப்பதால் கூந்தல் அடர்த்தியாகத் தோன்றும். பிரசவத்திற்குப்பின் அந்த அளவு சட்டென்று குறைகிறது. விழாமல் காத்திருந்த முடிகளெல்லாம் 2 முதல் 4 மாதங்களில் சேர்ந்து உதிர்கின்றன. "பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும்" என்று நம் பாட்டிமார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பதும் அதே 2, 3 மாதங்களில்தானே! பாட்டிமாரின் கணக்கு சரி. காரணம் மட்டும் வேறு. பாவம், குழந்தையின் சிரிப்பில் குற்றமில்லை. பெரும்பாலும் குழந்தைக்கு ஓராண்டு நிறைவதற்குள் தாயின் கூந்தல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

அடுத்தது தைராய்டு. முன்கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள இச்சுரப்பியின் ஹார்மோன் குறைந்தாலும் முடி உதிரும், மிகுந்தாலும் உதிரும். குறைந்தால் சோர்வு, உடல் பருத்தல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல் ஆகியவையும் உடன் வரலாம். தைராய்டு ஹார்மோன் உண்டாக அயோடின் தேவை. மழைநீர் மண்ணிலுள்ள அயோடினை அடித்துச் செல்வதால் உலகின் பல மலைப்பகுதிகளில் முன்கழுத்துக் கழலை மிகுதியாகக் காணப்பட்டது. இதனைத் தடுக்க நம் நாட்டில் 1962 ஆம் ஆண்டிலேயே தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. உணவு உப்பில் அயோடின் சேர்க்கப்படுவது இதற்காகவே.

வழுக்கையும் ஆண் ஹார்மோனும்

அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் விழும் வழுக்கையின் கதை வேறு. 1942 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க அறிஞர் ஓர் உண்மையை நிலைநாட்டினார். இளமை முதலே ஆண் ஹார்மோன் சுரக்காதவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை. அவர்களுக்கு மருந்தாக அந்த ஹார்மோன் கொடுக்கப்பட்டபோது, பரம்பரையில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி உதிரத் தொடங்கியது. ஆகவே பரம்பரையும் ஹார்மோனும் கைகோத்தால்தான் வழுக்கை உண்டாகிறது.

டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன், மயிர்க்காலிலேயே உள்ள ஒரு நொதியால் மேலும் வலிமை வாய்ந்த வேறொரு ஹார்மோனாக மாறுகிறது. அது உச்சந்தலை மயிர்க்கால்களைச் சிறிது சிறிதாகச் சுருங்கச் செய்கிறது. ஆனால் அதே ஹார்மோன்தான் தாடியை அடர்த்தியாக வளர்க்கிறது! ஒரே கட்டளையை உச்சந்தலை ஒருவாறும் தாடை வேறுவாறும் நிறைவேற்றுவது வியப்பன்றோ!

பெண்களின் உடலிலும் ஆண் ஹார்மோன் சிறிதளவு உண்டு. அது அளவு மீறினால் வகிடு அகலும். முகத்தில் முடியும் பருவும் தோன்றும். மாதவிலக்கு ஒழுங்கு தவறும். சினைப்பை நீர்க்கட்டி என்று இன்று பலரும் பேசும் இந்நிலையை 1935 ஆம் ஆண்டில் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டெயின், லெவென்தால் என்னும் மருத்துவர்கள் விவரித்தனர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மகள் சொல்லத் தயங்கினால் தாய்மார் கேட்டறிய வேண்டும். மருத்துவம் உண்டு, தகுந்த உணவும் உடற்பயிற்சியும் பெரிதும் துணைசெய்யும்.

மனக்கலக்கத்திற்கும் பங்குண்டு. அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் மன அழுத்த ஹார்மோன், மயிர்க்கால்களை நெடுங்காலம் ஓய்விலேயே நிறுத்திவைப்பதை 2021 ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளிடம் கண்டறிந்தனர். முடி உதிர்கிறதே என்று ஓயாமல் கவலைப்படுவது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பது போலத்தான்.

பழனி மொட்டை கூறும் பாடம்

நம் மாவட்டத்துப் பழனிக்கும், கடற்கரை வேளாங்கண்ணிக்கும் சென்று நேர்த்திக்கடனாக முடி கொடுத்து வருவோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். சில வாரங்களில் அவர்கள் தலையில் மீண்டும் முடி அரும்பிவிடுகிறது. சவரக் கத்தி வெளியிலுள்ள முடியைத்தான் நீக்குகிறது; உள்ளிருக்கும் மயிர்க்காலைத் தொடுவதில்லை. ஆதலால்தான் மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாகும் என்பதும் உண்மையன்று. மயிர்க்கால்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. நுனி வெட்டுப்பட்ட முடி தடித்துத் தோன்றுகிறது, அவ்வளவே.

எண்ணெயும் அப்படித்தான். தேங்காய் எண்ணெய் முடி ஒடியாமல் காக்கும். மயிர்க்காலுக்குக் கட்டளையிட அதனால் ஆகாது. காசு வடிவில் முடி கொட்டுவதைப் 'புழுவெட்டு' என்கிறோம். அங்கே புழு எதுவும் இல்லை. உடலின் நோய்த்தடுப்பு ஆற்றல் தன் மயிர்க்கால்களையே பகையெனக் கருதித் தாக்குவதால் விளைவது அது. பலருக்குத் தானாகவே முடி வளர்ந்துவிடும். தேய்த்த சின்ன வெங்காயத்திற்குப் புகழ் கிடைக்கும்! பரவலாகக் கொட்டினால் மருத்துவரிடம் செல்வதே நலம்.

நாம் செய்ய வேண்டியவை

முடி கொட்டினால், முதலில் 3 மாதங்கள் பின்னோக்கிப் பாருங்கள். காய்ச்சல் வந்ததா? மெலிய வேண்டுமென்று உணவைக் குறைத்தீர்களா? காரணம் புலப்பட்டால் பொறுமையே மருந்து.

இரத்தசோகையை மறவாதீர்கள். 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களுள் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. இரும்புச்சத்துக் குறைந்தால் கூந்தலும் மெலியலாம். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னல் வழியே எறிபவர்கள் இதனைக் கவனிக்கவும்! கேழ்வரகு, முருங்கைக்கீரை, பயறு, முட்டை ஆகியவற்றை உண்ணுங்கள். கீரையோடு சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உட்கொள்ளப்படும். உணவுண்டதும் தேநீர் அருந்துவது அதனைக் கெடுக்கும்.

இரட்டைச் சடையை இறுக்கிப் பின்னாதீர்கள். உதிர்தல் 6 மாதங்களுக்கு மேல் நீடித்தாலும், மேற்கூறிய அறிகுறிகள் இருந்தாலும் மருத்துவரை அணுகுங்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, தைராய்டு அளவுகளைப் பார்த்தால் பல காரணங்கள் வெளிப்பட்டுவிடும். 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி நம் திண்டுக்கல்லிலேயே உள்ளது. விளம்பரத்தைப் பார்த்து மாத்திரையோ தைலமோ வாங்க வேண்டாம்.

நம் மாணவி என்னவானாள் என்று கேட்கிறீர்களா? சிஸ்டர் கேட்டுக்கொண்டபடி அப்பத்தா ஆறு மாதத் தவணை கொடுத்துவிட்டுப் போனார். டிசம்பரிலேயே அவள் நெற்றியோரத்தில் பூனைமுடி போலப் புதுமுடி அரும்பியது. மார்ச்சில் அப்பத்தா ஒரு தார் மலைவாழைப் பழத்தோடு வந்து, பேத்தியின் தலையைத் தடவிப் பார்த்தார். "தண்ணி மேல தப்பில்லை சிஸ்டர்" என்றார். அவள் பன்னிரண்டாம் வகுப்பு வரை இங்கேயே படித்துத் தேர்ச்சி பெற்றாள்.

மாதத்திற்கு 1 சென்டிமீட்டர் கணக்கில், போன முடி ஒரு முழம் வளர நான்கு ஆண்டுகள் ஆகலாம், ஆயினும் வளரும். பாதியில் நின்ற படிப்பு அவ்வாறு தானே வளராது. மாணவியரே, பெற்றோரே, இதனை நினைவில் கொள்வோமாக!